காருக்கென்று பழைய ஜிபிஎஸ் கருவி ஒன்று 2,000 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா?

தர்மபுரியில் இருக்கிறேன், வேலை விஷயமாகப் பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் காரில் போகிறேன், தெரிந்தவர் தன் பழைய கருவியைத் தருகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘போன் இருக்கும்போது அந்த டப்பா எதற்கு’ என்று சிலர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பத்து வருடமாக என் வீட்டிலேயே கேட்டு வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணம். 2013-இல் பெங்களூரில் ஒரு கடையில் வாங்கினேன். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் பிடி, சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் சார்ஜர், இந்தியா முழுக்க மேப் உள்ளேயே. சிம் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. அமெரிக்காக்காரன் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னலைச் சும்மாதான் அனுப்புகிறான். நாலு செயற்கைக்கோள் கிடைத்தால் நாம் நிற்கிற இடம் தெரிந்துவிடும்.

அடுத்த வருடம் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனோம். திரும்பும்போது மச்சினனை ஓசூரில் விட வேண்டியிருந்தது. நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியைப் பிடித்தேன். காட்டு வழி. பொழுது சாய்ந்து மழையும் பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் புதுப் போனோடு உட்கார்ந்திருந்த மச்சினன், “மாமா, அந்த டப்பாவ ஆஃப் பண்ணுங்க, நான் வழி சொல்றேன்” என்றான்.

கொஞ்ச தூரத்தில் டவர் போயிற்று. அவன் போனில் நீலப் புள்ளி மட்டும் ஊர்ந்தது, சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம். போனிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, அதனால் புள்ளி நகர்ந்தது. மேப்தான் இணையத்திலிருந்து வர வேண்டும், வரவில்லை. என் டப்பாவுக்கு மேப் வயிற்றிலேயே இருந்தது. ஒரு பிரிவில் கைகாட்டிப் பலகையை யாரோ காதுகுத்து பேனரால் மறைத்திருந்தார்கள். மச்சினன் இடது என்றான், டப்பா வலது என்றது. வலதில் திருப்பினேன். அப்புறம் தேன்கனிக்கோட்டை டீக்கடை வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான் பின்சீட்டில் பேச்சு வந்தது.

இதை எந்தக் கல்யாணத்திலாவது யாராவது சொல்கிறார்களா? மாட்டார்கள். சொல்வதெல்லாம் மாந்தோப்புக் கதைதான்.

மாம்பழ சீசனில் போச்சம்பள்ளி பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். டீசல் மிச்சமாகட்டும் என்று கருவியில் ‘வேகமான வழி’ என்பதை ‘குறைந்த தூரம்’ என்று மாற்றி வைத்திருந்தேன். தார் ரோடு மண் ரோடாகி, மண் ரோடு வண்டித் தடமாகி, கடைசியில் ஒரு தோப்புக்குள் போய் நின்றது. ‘வலப்புறம் திரும்பவும்’ என்கிறது. வலப்புறம் கிணறு. டார்ச் அடித்துக்கொண்டு வந்த காவல்காரர், “மாங்கா பறிக்கவா வந்தீங்க?” என்று கேட்டார். பின்சீட்டு வரிசைத் தட்டில் மாம்பழம் வேறு. அவரை நம்பவைத்து, அந்தத் தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்து, போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்திருந்தது.

கருவி மேல் என்ன தப்பு? குறைந்த தூரம் கேட்டேன், கொடுத்தது. வண்டித் தடமும் அதன் கணக்கில் சாலைதான். மாற்றி வைத்தது என் விரல். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வண்டியில் ஏழு பேர் ஏறினார்களே, ஒருவராவது டீசலுக்குக் காசு கொடுத்தாரா? எங்கள் சொந்தத்தில் கார் வைத்திருப்பவனுக்குப் பந்தியில் இலை விழுவதே கடைசியில்தான். சாப்பிட உட்கார்ந்ததும், “பெரியம்மாவ பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்துடேன்” என்பார்கள். பத்திரிகை எனக்கா, என் காருக்கா என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். சரி விடுங்கள்.

உங்கள் 2,000 ரூபாய்க்கு வருகிறேன். மேப் எந்த வருடத்தது, இனியும் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் வேண்டாம். என்னுடையதில் கடைசியாக ஏற்றிய மேப் 2015-இல். அதற்குப் பிறகு போட்ட சர்வீஸ் ரோட்டில் போனால் வயலுக்குள் ஓட்டுவதாகக் காட்டுகிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டிய கருவியானால் ஒகேனக்கல்லை ‘ஓ’வில் தேடாதீர்கள், ‘ஹெச்’சில் இருக்கும். தேன்கனிக்கோட்டை ‘டி’யில் (D).

பல மாதம் டிராயரில் கிடந்த கருவி உடனே வழி சொல்லாது. திறந்த வெளியில் சில நிமிடம் நிறுத்திவையுங்கள். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் வானத்திலிருந்து முழுசாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். போன் இந்த மாதிரி விவரத்தையெல்லாம் டவர் வழியாக வாங்கிக்கொள்வதால் சட்டென்று காட்டுகிறது. மே மாத வெயிலில் டேஷ்போர்டிலேயே விட்டுப் போகாதீர்கள், என்னுடைய முதல் பேட்டரி அப்படித்தான் உப்பியது. ரப்பர் பிடியையும் நம்ப வேண்டாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் லாரி, பின்னால் லாரி, பிடி கழன்று டப்பா பிரேக் பெடல் பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்ட மேப்பையும் வைஃபையில் இறக்கி வைத்து அதையே காரில் மாட்டுங்கள். சிம் வேண்டாம், காட்டிலும் வழி சொல்லும், 2,000 ரூபாயும் மிச்சம். ‘கடைசியில் நீயும் போனைத்தானே சொல்கிறாய்’ என்று யாராவது வருவார்கள். நான் கேலி செய்வது மேப் இறக்காமல் அஞ்செட்டிக்குக் கிளம்புகிறவர்களை. என் மச்சினன் இன்னும் இறக்கவில்லை.

எல்லாம் படித்த பிறகும் அந்தக் கருவிதான் வேண்டும் என்றால், கார் சார்ஜரையும் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். அந்த ஒரு ஒயருக்காக நான் கிருஷ்ணகிரியில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.