அப்பா "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். கூட்டுறவுச் சங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். அம்மா தவறி ஒன்பது மாதம் ஆகிறது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசித்து நாலு பேரோடு வாதம் பண்ணுகிறவர், இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. "போற வயசுதானம்மா" என்கிறார். மனசு விட்டுப்போனால் ஆயுசு குறையும் என்கிறார்களே, உண்மையா? மூளைக்குச் சத்து மாத்திரை கொடுக்கலாமா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் உண்மைதான், சகோதரி. துணையை இழந்தவர்களுக்கு அடுத்து வரும் மாதங்களில் இறப்பு அபாயம் கூடுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆண்களுக்கு இன்னும் அதிகம். ஆகவே உங்கள் கவலை நியாயமானது. சத்து மாத்திரை மட்டும் வேண்டாம். ரத்தத்தில் எது குறைவு என்று தெரிகிறதோ அதை நிரப்பினால் போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த "ம்". ஜெர்மனியின் பெர்லினில் 1990-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 70 வயது தாண்டிய 516 பேருக்கு நினைவாற்றல், வேகம், சொல்லறிவு, சொல்லோட்டம் என்று பல சோதனைகள் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆயுளோடு மிகத் தெளிவாக ஒட்டி நின்றது சொல்லோட்டம், அதாவது கேட்டவுடன் சொற்கள் வந்து விழும் வேகம். அதற்கு நினைவில் தேட வேண்டும், சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் கவனிக்க வேண்டும், ஒரு வகை தீர்ந்ததும் அடுத்ததற்குத் தாவ வேண்டும். மூளையின் பல பகுதிகள் சேர்ந்து செய்கிற வேலை அது. உடம்பில் கோளாறு வந்தால் இங்கே தெரியலாம். ஆனால் இது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி. குறுக்கெழுத்துப் போட வைத்துச் சொல்லோட்டத்தைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் சாப்பிட்ட பிறகு, பேரப்பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "ஒரு நிமிசத்துல எத்தனை மிருகம் பேர் சொல்ல முடியுதுன்னு பாப்பமாப்பா" என்று கேளுங்கள். சரியாக 60 விநாடி. திரும்பச் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நடுவில் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆடு, மாடு, நாய் என்று போய், சட்டென்று யானை, புலி, கரடி என்று காட்டுக்குள் தாவினால் நல்லது. நாலைந்து சொல்லி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். அவர் அளவு படித்தவருக்குப் பத்துக்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

அதற்கு முன் ஒரு அவசர வேலை. அம்மா இருந்தவரை நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும். இப்போது மதியம் ஒரு கை சோறோடு எழுந்துவிடுகிறாரா என்று பாருங்கள். வயிறு காலியாக இருந்தாலும் கிளிமிபிரைட் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது கை நடுக்கம், வியர்வை வராமல், மந்தம், தூக்கம், பேச்சின்மை மட்டுமே தெரிவதும் உண்டு. காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். விழுங்க முடியாத அளவு மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். எண் ஒரு முறை இறங்கியிருந்தாலும் மருந்தின் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரை அன்றே கேளுங்கள்.

ரத்தத்தில் பி12, தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம், ஈடுகட்டுவதும் சுலபம். சளிக்கும் தூக்கத்துக்கும் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவற்றில் பல, மூளையை மந்தமாக்குபவை.

காதையும் பாருங்கள். காது மந்தமானவருக்கு முதலில் தப்பிப்போவது டீக்கடை இரைச்சலில் வரும் பேச்சுதான். பதில் தப்பாகிவிடுமோ என்ற கூச்சத்திலேயே "ம்" போட்டுவிட்டு, பிறகு போவதையே நிறுத்திவிடுவார்கள். அழுக்கு அடைத்திருக்கலாம், ஊக்கு விட்டுக் குடையாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பேப்பர் எழுத்து மங்குகிறதா என்றும் கேளுங்கள், கண்புரை இருக்கலாம்.

மனச்சோர்வுக்கு இரண்டு கேள்விகள்: இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு பாரமாக இருக்கிறதா? முன்பு பிடித்தது எதிலும் நாட்டம் இல்லையா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகள் சோடியத்தைக் குறைக்கும், அதனால் தொடங்கிய சில வாரத்தில் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. வீட்டிலும் தோட்டத்திலும் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

"போற வயசு" என்ற பேச்சுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஓஹையோவில் 50 வயது தாண்டிய 660 பேரைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்" என்று நாம் அன்பாகச் சொல்வதே அவரை ஒதுக்கிவிடும். அவர் செய்யாவிட்டால் நிற்கும்படியான ஒரு வேலையைக் கொடுங்கள். எழுத்தராக இருந்தவர்தானே, வீட்டுப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். தப்பு வந்தாலும் பிடுங்கித் திருத்தாதீர்கள். காலையில் டீக்கடைக்குப் பழைய கூட்டாளி ஒருவர் வந்து கூட்டிப் போகட்டும். முதல் இரண்டு வாரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

இந்த மந்தம் மாதக்கணக்கில் மெதுவாக வந்ததா, ஓரிரு நாளில் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். திடீரென்று வந்திருந்தாலோ, சமீபத்தில் தடுக்கி விழுந்திருந்தாலோ, காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தாலோ, மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தலையில் பட்ட சின்ன அடிகூடச் சில வாரம் கழித்து ரத்தக்கட்டாகி இப்படிக் காட்டும்.