சர்க்கரை, தைராய்டு ஆராய்ச்சி லேபில் டாக்டர்களைத் தவிர யார் இருப்பார்கள்?

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். மகள் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடிக்கப் போகிறாள். பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோய், தைராய்டு பற்றி ஆராய்ச்சி செய்யும் லேபில் சேர ஆசைப்படுகிறாள். அங்கே டாக்டர்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள்? டாக்டருக்குப் படிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை?

பதில்: புதுச்சேரியில் அப்படி ஒரு லேபில் சில வருடங்கள் ப்ராஜெக்ட் டெக்னீஷியனாக இருந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: டாக்டர்கள் அங்கே சிறுபான்மைதான்.

கதவில் பெயர் இருப்பது பேராசிரியருக்கு. எண்டோகிரைனாலஜியில், அதாவது ஹார்மோன் மருத்துவத்தில், டி.எம். முடித்தவராக இருப்பார், இல்லையென்றால் பயோகெமிஸ்ட்ரியில் எம்.டி.யோ பிஎச்.டி.யோ வாங்கியவராக இருப்பார். காலையில் ஓ.பி., மதியம் வகுப்பு, சாயங்காலம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது என்று அவர் நாள் போய்விடும். பைபெட்டைக் கையில் எடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் பணம் கொண்டுவராவிட்டால் கிட் வாங்க முடியாது.

லேபின் உண்மையான நாள் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஹார்மோன் விஷயத்தில் எல்லாமே நேரக் கணக்கு. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். இன்சுலின் சில நிமிடங்களிலேயே ஏறி இறங்கும். எடுத்த ரத்தத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டால், அதிலுள்ள சிவப்பணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி போட்ட ஃபுளோரைடு டியூப், மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி.க்கு ஊதா மூடி டியூப். ஊசி சரியாக ஏறாமல் அணுக்கள் உடைந்துவிட்டால், இன்சுலின் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். இந்தத் தப்பு எதையும் பிறகு எந்த மெஷினாலும் திருத்த முடியாது. ஆகவே, என்னைக் கேட்டால், லேபில் முதல் ஆள் ரத்தம் எடுப்பவர்தான். அவருக்கும் முன்னால் ஒருவர் உண்டு என்றால் அது ஃபீல்டு ஒர்க்கர்.

எங்கள் ஃபீல்டு ஒர்க்கர் ஒரு அக்கா. பாகூர் பக்கத்துக்காரர். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் டெஸ்டுக்கு ஆள் கூட்டி வருவது அவர் பொறுப்பு. கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு வரவேண்டும். வீட்டில் விடுவார்களா? "பிள்ளைத்தாய்ச்சி பட்டினியா போகாதம்மா, ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போ" என்று மாமியார் நிற்பார். லேபில் வந்து "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று நான் கேட்டால் எல்லோருடைய பதிலும் "இல்லீங்க" தான். சாப்பிட்டேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இன்னொரு நாள் கூலி போகும் என்ற பயம். அக்கா அப்படிக் கேட்கவே மாட்டார். "காலைல டீ போட்டது நீயா, உன் மாமியாரா?" என்பார். "அத்தைதான் போட்டாங்க, நான் பாதிதான் குடிச்சேன்" என்று உண்மை தானாக வந்துவிடும். அந்தப் பெண்ணைத் திட்டாமல் வேறு தேதி எழுதிக் கொடுத்து, மாமியாருக்கும் ஒரு ஃபோன் போடுவார்.

அப்புறம் குளுக்கோஸ் தண்ணீர். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்கவேண்டும். மசக்கை வயிற்றுக்குத் தித்திப்பு குமட்டும். வாந்தி எடுத்தால் அன்றைய டெஸ்ட் போச்சு. குடித்த பிறகு இரண்டு மணி நேரம் அலையாமல் உட்காரவேண்டும். பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர், பஸ்ஸைத் தவறவிடப் போகிறோம் என்று பதறுபவர் எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைப்பது அந்த அக்காவின் பேச்சுதான். கட்டுரையில் இது "பங்கேற்பாளர்கள் இரண்டு மணி நேரம் ஓய்வில் இருந்தனர்" என்று ஒரே வரியாக வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற எண் அதிலிருந்துதான் எல்லாப் பத்திரிகைக்கும் போனது. மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம், நம் புதுச்சேரி 26.3 சதவீதத்தோடு அதற்கு அடுத்து. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 1,13,043 பேர். அத்தனை பேர் வீட்டுக் கதவையும் யாரோ தட்டி, உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகளின் இடத்துக்கு வருகிறேன். ரத்தம் வந்ததும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரத்தைச் சின்னச் சின்ன டியூபில் பிரித்து, பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பார்கள். போதுமான சாம்பிள் சேர்ந்ததும் எலைசா, அதாவது ஹார்மோன் அளவு பார்க்கும் டெஸ்ட். 96 குழி கொண்ட தட்டு, ஒவ்வொரு சாம்பிளும் இரண்டு குழியில், கூடவே ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டாண்டர்டு, கன்ட்ரோல். இரண்டு குழிக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் மறுபடியும் செய்யவேண்டும். இதையெல்லாம் செய்பவர்கள் டெக்னீஷியன்களும் பிஎச்.டி. மாணவர்களும்தான், பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி படித்தவர்கள். புள்ளியியல்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து, நாம் ஆசையாகக் கொண்டுபோன முடிவில் பாதியை வெட்டிவிட்டுப் போவார். அவரும் தேவைதான்.

டாக்டருக்குப் படிக்காதவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். இன்சுலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922 ஜனவரி 11-இல் டொரண்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தில் அசுத்தம் இருந்தது. அதைச் சுத்திகரித்தவர் ஜேம்ஸ் காலிப், பயோகெமிஸ்ட். ஜனவரி 23-இல் அவர் தயாரித்ததைப் போட்ட பிறகுதான் பையன் தேறினான். 1923 நோபல் பரிசு, அந்த ஆராய்ச்சியைத் தொடங்கிய டாக்டர் பான்டிங், அவருக்கு லேப் கொடுத்த பேராசிரியர் மக்லியாடு இருவர் பெயருக்குத்தான் வந்தது. பான்டிங் தன் பங்கில் பாதியைக் கூடவே உழைத்த மாணவர் பெஸ்டுக்கும், மக்லியாடு தன் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கும் துளியூண்டு ஹார்மோனை அளக்க முதலில் வழி கண்ட ரோசலின் யாலோ, இயற்பியல் படித்த பெண். நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில், துப்புரவுப் பணியாளர் சாமான் வைக்கும் அறையை லேபாக மாற்றிக்கொண்டு ஆரம்பித்தவர். 1977-இல் நோபல் வாங்கினார். கூடவே உழைத்த டாக்டர் பெர்சன் 1972-இலேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒருவர் விலங்குக் கூடத்து அண்ணன். எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைக் கொடுத்துச் சர்க்கரை வரவைப்பார்கள். சர்க்கரை வந்த எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் போகும். கூண்டில் போட்ட உமி ஒரே நாளில் நனைந்துவிடும். தீபாவளி, பொங்கல் என்றாலும் அவர் வந்து மாற்றித்தான் ஆகவேண்டும். (மகளுக்கு எலியைத் தொடவே பிடிக்காது என்றால், மனித சாம்பிளில் மட்டும் வேலை செய்யும் லேபாகப் பார்க்கட்டும். சேர்ந்த பிறகு சொல்வது கஷ்டம்.)

இன்னொருவர் எலக்ட்ரீஷியன். 2011-இல் தானே புயல், 2024-இல் ஃபெஞ்சல் என்று இரண்டையும் பார்த்த கரை இது. தானேவுக்குப் பிறகு கடலூர் கிராமங்களில் கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பல வருடம் சேர்த்த சாம்பிள் முழுவதும் ஒரு ஃப்ரீசருக்குள் இருக்கும்போது, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று புயலுக்கு முந்தின நாள் பார்ப்பவர்தான் ஆராய்ச்சியைக் காப்பாற்றுகிறார்.

சேர்வது பற்றி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். 2023 முதல் இதுதான் தொகை. அதில்லாமல் ப்ராஜெக்டில் சேர்ந்தால் சம்பளம் அந்தந்த ப்ராஜெக்டைப் பொறுத்தது, ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். பணம் சில மாதம் தாமதமாக வருவதும் சகஜம், அதற்குத் தயாராக இருங்கள். இன்டர்வியூவுக்குப் போகும்போது கட்டிடத்தையும் மெஷினையும் பார்த்து மயங்கவேண்டாம். அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர்களில் ஒருவரைத் தனியாகப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இங்கே வந்த கட்டுரைகளில் டெக்னீஷியன் பெயர் ஏதாவது இருக்கிறதா, முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் பிஎச்.டி. முடித்தார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் வேறு லேப் பார்க்கலாம். கடலூரிலிருந்து போய்வரும் தூரத்தில் புதுச்சேரியும் இருக்கிறது, சிதம்பரமும் இருக்கிறது.