மான் வேட்டைக்கு 180 கிரெய்ன் எடையுள்ள குண்டா, 240 கிரெய்னா?

240 கிரெய்ன் மென்முனைத் தோட்டாவையே (முனையில் ஈயம் வெளியே தெரியும் வகை) எடுங்கள். டெக்சஸில் உங்கள் மைத்துனரிடம் இருக்கும் .44 மேக்னம் ரிவால்வருக்கும் வெள்ளைவால் மானுக்கும் அது போதும்.

சென்ற ஆண்டு 180 கிரெய்ன் குழிமுனைக் குண்டு தோளில் பட்டும் மான் ஓடி மறைந்தது என்கிறீர்கள். எலும்பில் பட்டவுடனே குண்டு விரிந்து, நுரையீரலை எட்டுமுன் வேகம் இழந்திருக்கலாம். ரைஃபிளின் வேகம் கைத்துப்பாக்கிக்குக் கிடையாது. இங்கே ஆழமாகத் துளைப்பதுதான் முக்கியம்; அதற்குக் கனமான குண்டே ஏற்றது. பெட்டியில் உள்ள சீறும் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

போகுமுன் ஒரு சோதனை. 15 செ.மீ. அகலமுள்ள காகிதத் தட்டை 50 மீட்டரில் வைத்து, வேட்டைக்குரிய அதே தோட்டாவால் ஆறு முறை சுடுங்கள். குண்டின் எடை மாறினால் படும் இடமும் மாறும். ஆறும் தட்டில் விழாவிட்டால் நெருங்கி வாருங்கள். எங்கே ஆறும் விழுகின்றனவோ அதுதான் உங்கள் எல்லை, மைத்துனர் என்ன சொன்னாலும் சரி.

வெளியூர்க்காரருக்கான வேட்டை உரிமத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். திரும்பும்போது ஜாக்கெட் பைகளை உதறிப் பாருங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டாலும் வில்லங்கம்தான். நினைவுப்பொருள் என்ற பேச்சு அங்கே எடுபடாது.