மேகத்துக்குள் போகும் முன் எதற்குச் செலவு செய்யலாம்?

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கிறார். வீட்டு கராஜிலேயே ஆர்வி-7 விமானம் ஒன்றைக் கட்டி, இரண்டு வருடமாக வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் மட்டும் ஓட்டுகிறார். மேகத்துக்குள் பறக்கவும் பயிற்சி எடுக்கிறார். அதற்கான கருவிகளின் விலையைக் கேட்டு மலைத்துப் போயிருக்கிறார். விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கைத் தொடுவானம் டேப்லெட்டிலேயே தெரிகிறதே, அது போதாதா என்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

வரைபடம் பார்க்க டேப்லெட் இருக்கட்டும். அதை மட்டும் நம்பி மேகத்துக்குள் போகக் கூடாது. விமானத்தின் கண்ணாடிக்கூண்டு வெயிலில் சூடேறினால் டேப்லெட் தானாகவே அணைந்துவிடும்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போனால் குடை ராட்டினத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். சீராகச் சுற்றும்போது சுற்றுவதே தெரியாமல் போகும். வேகம் குறையும்போது எதிர்ப்பக்கம் திரும்புவது போல இருக்கும். மேகத்துக்குள் விமானியின் உள்காதும் இதே பொய்யைத்தான் சொல்கிறது. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பறப்பு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது, பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒருவராலும் சமாளிக்க முடியவில்லை. சராசரியாக 178 நொடியில் விமானம் கைமீறிப் போனது.

ஆனால் விலையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. சொந்தமாகக் கட்டிய விமானத்தில் கருவிகளுக்குப் பதிலாக வைக்கும் திரைகளுக்கு அமெரிக்காவில் சான்றிதழ் கட்டாயமில்லை, அதனால் மலிவாகவே கிடைக்கும். கார்மின் ஜி5 என்ற சின்னத் திரை 2016-ல் சுமார் 1,200 டாலருக்கு வந்தது. கூடவே வரும் பேட்டரியில் 4 மணி நேரம் வரை ஓடும். உண்மையில் விலை அதிகம், கருவிப் பறப்புக்கான தர அளவை எட்டிய ஜிபிஎஸ்ஸுக்குத்தான். அதைப் பிறகு வாங்கலாம். முதலில் ஐஎல்எஸ், அதாவது ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சைகை, அதைப் பிடிக்கக்கூடிய பழைய ரேடியோ ஒன்று போதும்.

நான் முதலில் காசு போடச் சொல்வது மின்சாரத்துக்கு. எல்லாமே திரையாகிவிட்ட விமானத்தில் மின்சாரம் உண்டாக்கும் ஒரே ஆல்டர்நேட்டர் நின்றுபோனால் பேட்டரி தீரும் வரைதான் எல்லாம். அண்ணன் போட்டிருப்பது லைகமிங் என்ஜின் என்றால், பின்பக்கம் பழைய காலத்து வேக்குவம் பம்ப் உட்காரும் இடம் பெரும்பாலும் மூடி போட்டுக் காலியாக இருக்கும். அங்கே பல்சக்கரத்தில் ஓடும் சின்ன ஆல்டர்நேட்டர் ஒன்றை மாட்டலாம். அப்புறம், வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய், மின்சாரத்தில் சூடேறும் வகை. அது உறைந்தால் வேகம் காட்டும் கருவி பொய் சொல்லும்.

காசே ஆகாத வேலை ஒன்றும் உண்டு. உயரமானிக்குக் காற்றழுத்தம் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் குழாயைச் சொல்கிறேன். பட்டறையில் நான் இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்தவன். வெளித்துளையில் மெதுவாகக் காற்றை உறிஞ்சி, முள்ளை 1,000 அடி ஏற்றி மூடிவிட்டு, ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 100 அடிக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிவு. பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய் இணைப்பில் நுழையும் நுனியில்தான் இருக்கும், முடி கனத்துக்கு ஒரு வெடிப்பு. அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினால் சரி. அண்ணன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் முள் ஏறும்போது அவசரப்பட்டு உறிஞ்சினால் கருவி கெட்டுவிடும். மேகத்தில் பறக்க இந்தச் சோதனையை 24 மாதத்துக்கு ஒருமுறை, தகுதி பெற்றவரிடம் முறைப்படி செய்து பதிய வேண்டும்.

என்ஜின் பின்பக்கத்து அந்த இடம் காலியா என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். கருவிப் பலகையின் படமும் அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கம்பியை எந்த பேட்டரியிலிருந்து எடுக்கலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து