கெட் ஏன் இன்னும் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா, நீங்கள் சொல்லித்தான் உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நாவல் வரிசையைத் தொடங்கினேன். முதல் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். கடல், டிராகன், மந்திரவாதிகளின் பள்ளி, தன் நிழலையே துரத்திக்கொண்டு போகும் இளம் மந்திரவாதி கெட் என்று அத்தனையும் பிடித்தது. ஆசையாக இரண்டாவதை, 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்', எடுத்தால் ஏறக்குறைய பாதி வரை கெட் தலையையே காட்டவில்லை. ஒரு சின்னப் பெண், ஒரு வறண்ட காடு, வெளிச்சமே இல்லாத சுரங்கம். ரொம்ப ஏமாற்றம். மூன்றாவதுக்குத் தாவிவிடலாமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: தாவ வேண்டாம் தம்பி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முதல் புத்தகம் 1968இல் வந்தது, இது 1971இல். மூன்று வருஷம் காத்திருந்து வாங்கியவர்களுக்கும் இதே கோபம் வந்திருக்கும். பன்னிரண்டு அத்தியாயங்களில் ஐந்தாவதில்தான் கெட் வருகிறான். அதுவும் திருடனாக.

நீங்கள் குடியாத்தத்துப் பிள்ளை. அக்னி வசந்த விழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருப்பீர்கள். கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரி, கர்ணனும் அர்ச்சுனனும் மோதுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் பாயோடு வந்து இடம் பிடிக்கிறோம். ஆனால் சண்டைக்குப் புறப்படுகிற கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறித்து நின்று பேசும்போது ஒருவரும் டீக்கடைப் பக்கம் எழுந்து போவதில்லை. 'எங்கேப்பா அர்ச்சுனன்?' என்று கேட்பதும் இல்லை. அந்த நேரத்துக்குக் கதை அவளுடையது. அதே மனசோடு இந்தப் புத்தகத்துக்கு வாருங்கள்.

இது டெனாரின் கதை. ஐந்து வயதில் அம்மா அப்பாவிடமிருந்து பிரித்து, பாலைவனத்துக் கோவிலுக்குக் கொண்டுவந்து, பெயரைக்கூடப் பறித்துவிட்டுப் பூசாரியாக்குகிறார்கள். அவளுடைய சாம்ராஜ்யம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கல்லறைகளுக்குக் கீழே உள்ள குகையில் விளக்கு ஏற்றக் கூடாது என்பது சட்டம். கையால் சுவரைத் தடவி, திருப்பங்களை மனசுக்குள் எண்ணி எண்ணித்தான் அவள் வழி பழகுகிறாள். நமக்கும் அந்தப் பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும். எது எங்கே திரும்புகிறது என்று நாமும் அவளோடு சேர்ந்து இருட்டில் பழகுகிறோம்.

அப்புறம் அந்த ஐந்தாவது அத்தியாயம். வெளிச்சமே இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. கெட்டின் கைத்தடி நுனியில் எரிகிற மந்திர ஒளி. அவள் ஆண்டுகொண்டிருக்கிற இடம். அதன் சுவரெல்லாம் படிகம் பதிந்து மின்னுகிறது என்பதை அன்றைக்குத்தான், ஒரு திருடன் கொண்டுவந்த வெளிச்சத்தில், முதன்முதலாகப் பார்க்கிறாள். எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. முதல் பக்கத்திலேயே கெட் வந்திருந்தால், 'ஓ, நம்ம ஆள் விளக்கோடு வந்துவிட்டான்' என்று அடுத்த வரிக்குப் போயிருப்போம். நான்கு அத்தியாயம் நம்மை இருட்டில் உட்கார வைத்ததால்தான் அந்த ஒளி கண்ணைக் கூசுகிறது. இவ்வளவு தைரியமாக வாசகரைக் காக்க வைக்கிற எழுத்தாளர்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இன்னொன்றையும் தவற விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று கைதிகளை என்ன செய்வது என்று அவளிடம் கேட்கிறார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் சாகட்டும் என்று சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு நோயில் விழுகிறாள். கனவில், பித்தளைக் கிண்ணம் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, தாகத்தில் தவிக்கிற யாரையோ தேடி இருட்டில் நடக்கிறாள். போய்ச் சேரவே முடிவதில்லை. பிறகு அதே இருட்டில் கெட் அடைபட்டு நாக்கு வறண்டு கிடக்கும்போது நிஜமாகவே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்தத் தண்ணீர் மூன்று பேருக்குப் போய்ச் சேராத தண்ணீர். அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கெட்டை அவள் காப்பாற்றுகிறாளா, அவளைக் கெட் காப்பாற்றுகிறானா என்று கேட்டால் நான் முதலாவது பக்கம்தான் நிற்பேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. சின்ன வயதிலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த மானான், அவளைக் காப்பதாக நினைத்துத்தான் கெட்டைத் தாக்க வருகிறான், பள்ளத்தில் விழுந்து சாகிறான். டெனார் பிற்பாடு அவனை நினைத்து அழுகிறாள், சரி. ஆனாலும் அவ்வளவு பிரியம் வைத்தவனுக்கு இன்னும் நாலு வரி கொடுத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: டெனாரின் கோவிலில் கும்பிடுகிற அந்த இருட்டுச் சக்திகள், 'பெயரில்லாதவர்கள்', உண்மையில் இருக்கிறார்களா, பூசாரிகள் கட்டிவிட்ட கதையா? டெனாரின் தோழி பெந்தேவுக்குச் சாமி பயமே இல்லை. மூத்த பூசாரி கோஸிலுக்கும் நம்பிக்கை இல்லை. கெட் மட்டும் இருக்கிறார்கள் என்கிறான். குழம்புகிறது.
– ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: இருக்கிறார்கள். கெட் அதைத் தெளிவாகவே சொல்கிறான். இருட்டின் சக்தி உண்டு, அதை இல்லை என்று சொல்லவும் கூடாது, மறக்கவும் கூடாது, ஆனால் கும்பிடக் கூடாது, ஏனென்றால் அவர்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவன் கட்சி. நாத்திகமும் இல்லாமல் பக்தியும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு நிலை. சின்னவர்களுக்கான புத்தகத்தில் இதை வைத்ததற்கே லெ குவினுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அங்கே காலியாக ஒரு சிம்மாசனம் வருகிறதல்லவா, அதைப் படிக்கும்போது எனக்கு நம் வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வந்தது. ஜலகண்டேசுவரர் கோவில் கருவறையில் 1981 வரை மூர்த்தி கிடையாது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா கூட்டிப்போவார். கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைச் சுற்றி ஓடி விளையாடுவோம். ஆனால் அந்தக் காலி அறையை எட்டிப் பார்க்கச் சொன்னால் அப்பா கையை விடமாட்டேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் பயம். டெனாருடைய பயம் எனக்கு அதனால் சட்டென்று பிடிபட்டது.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இந்த வரிசையைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு அம்மா, ராணிப்பேட்டை

பதில்: முதல் மூன்றையும் கொடுங்கள். இரண்டாவதில் கைதிகள் வரும் அத்தியாயத்தை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். அன்றைக்கு ராத்திரி அவள் கேள்வி கேட்பாள், தூக்கம் வருகிறது என்று தட்டிக் கழிக்காதீர்கள். நான்காவது, 'டெஹானு', 1990இல் வந்தது. டெனார் அதில் நடுத்தர வயது விதவை, வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா. தீயில் கருகிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். மகளுக்கு அது இப்போது வேண்டாம். அவள் மூன்றாவதை முடிப்பதற்குள் அதை நீங்கள் படித்து வையுங்கள்.