ராத்திரி 11 மணிக்கு காய்ச்சல் 101, காலைல பாத்துக்கலாமா?

கேள்வி: டாக்டர், எங்கம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரெண்டாவது கீமோ முடிஞ்சு 10வது நாள் ராத்திரி காய்ச்சல் 101 காட்டுச்சு, சளி இருமல்னு எதுவும் இல்ல, நல்லா பேசிட்டுதான் இருந்தாங்க. பாராசிட்டமால் ஒண்ணு குடுத்தேன், இறங்கிருச்சு, தூங்கிட்டாங்க. காலைல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா நர்ஸ் திட்டறாங்க, ராத்திரியே ஏன் வரலன்னு. காய்ச்சல்தான் இறங்கிருச்சேன்னேன், அதுக்கும் திட்டு. அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?

பதில்: திட்டின விதம் வேணா சரியில்லாம இருந்திருக்கலாம்மா, ஆனா விஷயம் சரி. நமக்கு வர்ற சாதாரண காய்ச்சலும் கீமோ போற உடம்புல வர்ற காய்ச்சலும் ஒண்ணு இல்ல.

கிருமி உள்ள வந்தா முதல்ல ஓடிப் போய் சண்டை போடறது நியூட்ரோபில்ங்கற வெள்ளை அணு. கீமோ புற்றுநோய் செல்லோட சேத்து இதையும் காலி பண்ணிடும், பெரும்பாலும் கீமோ போட்டு 7 முதல் 14 நாளுக்குள்ளதான் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு போகும். உங்கம்மாவுக்கு 10வது நாள், பாத்தீங்களா. ரிப்போர்ட்ல நீங்களே கணக்கு போடலாம், மொத்த வெள்ளை அணு 1200, அதுல நியூட்ரோபில் 20 சதவீதம்னா 240தான் இருக்கு, 500க்கு கீழ போனாலே ஆபத்துன்னு சொல்லுவோம்.

சளி இருமல் இல்லன்னு எழுதியிருக்கீங்களே, ஏமாத்தறதே அதுதான். சீழ், வீக்கம், எக்ஸ்ரேல தெரியற வெள்ளைத் திட்டு இதெல்லாம் பெரும்பாலும் அந்த அணுக்கள் போய் குவியறதால வர்றது, அணுவே இல்லன்னா அடையாளமும் இருக்காது, கிருமி எங்கேந்து வந்துச்சுன்னு பாத்தா பல நேரம் வெளியில இருந்தே இல்ல, கீமோவால வாய்லயும் குடல்லயும் உள்தோல் புண்ணாகி அங்க இருக்கற நம்ம சொந்த பாக்டீரியாவே ரத்தத்துக்குள்ள போயிருக்கும். வெளிய காட்டற ஒரே சிக்னல் பல நேரம் அந்த காய்ச்சல்தான், அதையும் மாத்திரை போட்டு அணைச்சிட்டா? நம்பர் இறங்கும், கிருமி அப்படியே இருக்கும், சில மணி நேரத்துல பிரஷர் இறங்கி செப்சிஸ் (தொற்று முத்தி உடம்போட உறுப்புகளையே பாதிக்கற நிலை) ஆயிடலாம்.

அதனால ஒரு தடவை 101 காட்டுனாலோ, இல்ல 100.4 காட்டி ஒரு மணி நேரம் இறங்காம நின்னாலோ உடனே கெளம்பணும் (உங்க ஆஸ்பத்திரில 100.4க்கே வாங்கன்னு சொல்லியிருந்தா அதையே கேளுங்க), போற வழியில டாக்டருக்கு போன் பண்ணிக்கலாம். தெர்மாமீட்டர் வாய்ல வச்சு பாருங்க, சூடா ஏதாவது குடிச்சிருந்தா 15 நிமிஷம் கழிச்சு. ஆசனவாய்ல மட்டும் வைக்கவே வேணாம், எனிமாவும் கூடாது, அங்க சின்ன கீறல் விழுந்தாலும் கிருமிக்கு கதவு திறந்த மாதிரி.

எமர்ஜென்சில போய் நின்னதும் "காய்ச்சல்"னு மட்டும் சொன்னா வரிசைல உக்கார வச்சிடுவாங்க. "கீமோ போய் 10வது நாள், காய்ச்சல் 101"னு வாயைத் திறந்ததும் சொல்லுங்க, கீமோ கார்டை கைல குடுங்க, கூட்டத்துல காக்க வேணாம். வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் ஆன்டிபயாடிக் நரம்புல ஏறணும்ங்கறதுதான் இலக்கு. கல்ச்சருக்கு (என்ன கிருமின்னு வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) ரத்தம் எடுப்பாங்க, போர்ட் (கீமோ ஏத்த தோலுக்கு அடியில வைக்கற சின்ன கருவி) இருந்தா அதுல இருந்தும் எடுப்பாங்க, ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க, பைப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபெபிம் மாதிரி ஒரு மருந்தை உடனே ஆரம்பிச்சிடுவாங்க. எல்லாரும் நாள்கணக்கா அட்மிட் ஆகணும்னு கூட இல்ல, ரிஸ்க் கம்மின்னு மார்க் போட்டுப் பாத்து சிலரை மாத்திரையோட வீட்டுக்கே அனுப்பறதும் உண்டு, அதை முடிவு பண்றது அவங்கதான், வீட்ல நாம இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு கீமோவோட ஸ்டீராய்டும் குடுக்கறாங்க. நேத்து குளிர்ல நடுங்கினார், தெர்மாமீட்டர்ல 98தான். காய்ச்சல் இல்லன்னு விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைச்சிடும். நடுக்கம், தலைசுத்தல், மூச்சு வாங்கறது, பேச்சு தடுமாறறது, சிறுநீர் குறையறது இதுல எது வந்தாலும் 98 இருந்தாலும் எமர்ஜென்சிதான். நேத்துன்னு எழுதியிருக்கீங்க, இதைப் படிக்கறப்போ இன்னும் கூட்டிட்டு போகலன்னா பத்திரிகையை வச்சிட்டு கெளம்புங்க.