147573952589676412927: ஓர் எண்ணைப் பற்றிய கேள்வி பதில்

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 2⁶⁷ − 1 என்ற எண்ணைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

பதில்: வலப்புறத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரித்தால் மூன்று தொகுதிகள் கிடைக்கும். எனவே இது 14,75,739 கோடி கோடியே 52,58,967 கோடியே 64,12,927 ஆகும். இரும முறையில் எழுதினால் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 1644-இல் மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்துவிட்டார். அந்தப் பிழை வெளிப்பட இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கேள்வி: பிரெஞ்சுக் கணிதவியலாளர் எட்வார்ட் லூகா 1876-இல் இது பகா எண் அல்ல என்று காட்டியபோது ஒரு காரணியைக்கூடத் தரவில்லையாமே. அது எப்படி முடியும்?

பதில்: ஓர் எண் பகுபடும் என்று அறிவதும் அது எப்படிப் பகுபடுகிறது என்று அறிவதும் வேறு வேறு. லூகாவின் கருத்தைப் பின்னர் அமெரிக்கக் கணிதவியலாளர் டி.எச். லேமர் செம்மைப்படுத்திய வடிவத்தைச் சிறிய எண்ணில் பாருங்கள். 2⁵ − 1 = 31. 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: 14, 8, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் சுழியம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 2⁶⁷ − 1-க்கு 65 படிகள் முடிந்த பின்னும் சுழியம் வருவதில்லை. அந்த மீதி, நம் எண் பகுபடும் என்பதை ஐயமின்றி நிறுவுகிறது. காரணி எதுவென்பதை மட்டும் சொல்வதில்லை.

கேள்வி: ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்து 2-ஐ அடியாகக் கொண்டு சோதித்தால் போதாதா?

பதில்: போதாது. 2-ஐவிடப் பெரிய பகா எண் எதுவானாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதனால் வகுத்தால் மீதி 1 வரும் என்பதே அத்தேற்றம் இங்கே சொல்வது. இந்த எண் பகு எண்ணாக இருந்தும் அச்சோதனையில் பகா எண் போலவே தேறிவிடும். நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 67-ஆல் மீதியின்றி வகுபடும். 2⁶⁷-ஐ நம் எண்ணால் வகுத்தாலோ மீதி 1. ஆகவே தேர்ச்சி முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது.

கேள்வி: காரணியைத் தேட எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இதன் எந்தப் பகாக் காரணியும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அதோடு 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வர வேண்டும். இவ்விரண்டு நிபந்தனைகளும் பெரும்பாலான எண்களை ஒதுக்கிவிடுகின்றன. ஆயினும் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,215 கோடி என்பதால், கையால் தேடுவோருக்கு அது மலையளவு உழைப்பு. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடையை முன்வைத்தார்:

193707721 × 761838257287

அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்று சொல்வார்கள். முதற்காரணி 134 × 1445580 + 1 என்பதை நீங்களே சரிபார்க்கலாம்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் அந்தப் பெருக்கலைச் சோதிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவு உண்டு. இலக்கங்களைக் கூட்டினால் காரணிகளுக்கு 37, 64. நம் எண்ணுக்கு 109. மூன்றையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1; 1 × 1 = 1 என்று பொருந்துகிறது. இது பிழையைப் பிடிக்கும் வலை மட்டுமே, நிரூபணம் ஆகாது.

கேள்வி: இது பகா எண்ணாக இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

பதில்: 2⁶⁶-ஐ இதனால் பெருக்கி வரும் எண், தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான நிறைவெண்ணாக, 6, 28 ஆகியவற்றின் வரிசையில் சேர்ந்திருக்கும். இரண்டு பகாக் காரணிகள் இருப்பதால் அந்தக் கூட்டுத்தொகை எண்ணை விஞ்சிவிடுகிறது. மிகையாவது, நம் எண்ணை அவ்விரு காரணிகளின் கூட்டுத்தொகையாகிய 762031965008-ஆல் பெருக்கினால் வரும் அளவு.